இருபது வயதில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: அவசரம் தேவையா?



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி இப்போது ஊர்தோறும் பேச்சு வந்துவிட்டது. நல்லதுதான். முன்பெல்லாம் அந்த நோயின் பெயரைச் சொல்லவே நம் தாய்மார்கள் கூசுவார்கள். இப்போது அதைக் கண்டுபிடிக்கும் முகாமுக்கே வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் வருகிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத 20, 21 வயது மருமகளை மாமியார் கையோடு அழைத்து வருகிறார். "எங்க நாத்தனார் இந்த நோயிலதான் போய்ச் சேர்ந்தாங்க. இதுக்கும் இப்பவே பார்த்துடுங்கம்மா" என்கிறார். சில கணவன்மார்கள் டவுனில் முழு உடல் பரிசோதனை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, சின்ன வயது மனைவியை அங்கே கூட்டிப்போய், கடன் வாங்கிய பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். அதே சமயம், மருமகளை அழைத்து வந்த அந்த 45 வயது மாமியாரைப் பரிசோதனைக்கு அழைத்தால், "எனக்கென்ன, எனக்கு எல்லாம் நிக்கப் போற வயசு" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. எந்தத் தொந்தரவும் இல்லாத 20 வயதுப் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. 30 வயது நிறைந்தவர்களுக்குத் தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும் தேவை. அது ஏன் என்பதைத்தான் இந்தப் பிரசுரத்தில் விளக்கப் போகிறோம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

நோய் எப்படி வருகிறது?

கர்ப்பப்பை என்பது தலைகீழாய்த் தொங்கும் ஒரு சிறு சுரைக்காய் போன்ற உறுப்பு. அதன் குறுகிய கீழ்முனை, பெண்ணின் பிறப்புவழிக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். இதுவே கர்ப்பப்பை வாய். மாதவிலக்கு இரத்தம் வெளிவருவதும், பிரசவத்தின்போது விரிந்து கொடுப்பதும் இந்த வாய்தான். இந்த இடத்தில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வைரஸ் கிருமி. இதைக் கண்டறிந்த ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியில் பல வகை உண்டு. அவற்றில் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டுமே நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு இந்த நோய் வரக் காரணமாகின்றன.

ஆகவே நாத்தனாருக்கு வந்ததால் மருமகளுக்கும் வரும் என்று பயப்படுவது சரியல்ல. இது இரத்த சம்பந்தத்தால் இறங்கும் பரம்பரை நோய் என்று சொல்வதற்கில்லை. கிருமியால் வருவது. அந்தக் கிருமி தாம்பத்திய உறவின் மூலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது.

"அய்யய்யோ, அப்படியானால் அது தப்பு நடத்தையால வர்ற நோயா?" என்று சிலர் உடனே கேட்டுவிடுவார்கள். அப்படியில்லை. கல்யாணமான பெரும்பாலான ஆண், பெண் இருவருக்குமே வாழ்நாளில் ஏதாவது ஒரு சமயம் இந்தக் கிருமி வந்து போகிறது. ஜலதோஷம் வந்து போவதைப் போல, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. இதைப் பற்றிக் கணவன்மார்களிடம் தனியாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் சொல்கிறோம்.

மாமரத்தில் பூத்த பூவெல்லாம் காய்ப்பதில்லை

தை, மாசியில் மாமரம் இலை தெரியாமல் பூக்கிறது. அத்தனை பூவும் காயானால் மரம் தாங்குமா? முக்கால்வாசிக்கு மேல் பூவாகவே உதிர்ந்துவிடுகிறது. பிஞ்சிலும் பாதி கொட்டிவிடுகிறது. பூத்திருக்கும்போதே ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு பூவாகப் பார்த்து, "இது பூச்சி விழுந்த காயாகுமோ?" என்று கிள்ளிக்கொண்டிருந்தால் மரத்துக்குத்தான் சேதம்.

இளம் பெண்களின் விஷயமும் இதுவே. கல்யாணமான முதல் சில வருஷங்களில்தான் இந்தக் கிருமி பெரும்பாலும் தொற்றுகிறது. தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம். மிச்சமுள்ள சிலருக்கே கிருமி அங்கேயே தங்குகிறது. தங்கிய இடத்தில் மேல்தோல் மெல்ல மாறுகிறது. அந்த மாற்றத்தையும் பல பேருடைய உடம்பு தானே சரி செய்துகொள்கிறது. சரியாகாமல் போன ஒரு சிலருக்கே அது புற்றாகிறது. அப்படி ஆவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருஷம் பிடிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதில் தொற்றியது, முப்பத்தைந்து நாற்பதுக்குப் பின்னால்தான் நோயாக வெளிப்படும். நடுவில் இருக்கும் அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பு. 30 வயதுக்கு மேல் பரிசோதித்தால், உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்துபோய், தங்கிவிட்டது மட்டும் கண்ணில் படும். புற்றாக மாறுமுன் அதை நீக்கிவிடலாம். 20 வயதில் பார்த்தாலோ, தானே போகப் போகிற மாற்றமும் தெரியும், தங்கப் போகிறதும் தெரியும். எது எது என்று பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியாது.

"முன்னாடியே பார்த்தா என்ன குடி முழுகிப் போகும்?"

இந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். பார்ப்பதால் மட்டும் கெடுதல் இல்லையே என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். கெடுதல், பார்த்ததற்குப் பின்னால் நடப்பதில் இருக்கிறது.

பரிசோதனையில் ஒரு மாற்றம் தெரிந்துவிட்டால் அதோடு யாரும் விடுவதில்லை. சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தைச் சீவி எடுப்பது, அல்லது கூம்பு வடிவில் வெட்டி எடுப்பது என்று போகும். 38 வயதில், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்ணுக்கு இவை உயிர்காக்கும் சிகிச்சைகள். ஆனால் 21 வயதில், இனிமேல்தான் பிள்ளை பெறப் போகிற பெண்ணுக்கு? கர்ப்பப்பை வாய் என்பது ஒன்பது மாதமும் குழந்தையைத் தாங்கிக்கொண்டு இறுக மூடியிருக்க வேண்டிய கதவு. அதில் ஒரு பகுதியைச் சீவி எடுத்தால், பின்னால் வரும் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவம் ஆகும் அபாயம் கூடுகிறது. சீவி எடுக்கும் அளவு ஆழமாக ஆக அபாயமும் கூடும். தானாகவே ஆறியிருக்கக்கூடிய ஒன்றுக்காக, பிறக்கப் போகிற பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதா?

இரண்டாவது கெடுதல், நம் பக்கத்தில் அதிகமாக நடப்பது. இளம் வயதிலும், கர்ப்ப காலத்திலும், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், கர்ப்பப்பை வாயின் உட்புறத்து மெல்லிய சவ்வு சற்று வெளியே வந்து சிவப்பாகத் தெரிவது சகஜம். இது நோயல்ல, அந்த வயதின் இயல்பு. ஆனால் இதைப் பார்த்துவிட்டு, "வாய்ல புண்ணு இருக்கு, எரோஷன் இருக்கு, விட்டா கேன்சராயிடும்" என்று சொல்லப்பட்டு அழுதுகொண்டு வந்த பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்ற ஆலோசனைக்கு வெகுதூரம் இல்லை. "ரெண்டு புள்ளை பொறந்தாச்சு, இனி அது எதுக்கு?" என்று வீட்டாரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

வெறும் கதையல்ல இது. மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருந்தது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்து, நாடே பேசியது. புற்றுநோய் பயம் காட்டப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகளைப் பற்றிய வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கர்ப்பப்பை அகற்றுவது குறித்த வழிகாட்டு விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், முப்பது வயதிலேயே மாதவிலக்கு நின்றவளின் உடம்பு வந்துவிடும். எலும்பு வலுவிழக்கும், உடம்பு தகிக்கும். வயல் வேலை செய்து பிழைக்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? வெறும் "புண்" என்ற காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், கையெழுத்துப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்தில் நடந்தது

வசதியான தேசங்களில் எல்லாம் சின்ன வயதிலேயே பார்க்கிறார்களே என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் முன்பு 20 வயதிலிருந்தே இந்தப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார்கள். 2003-ல் அதை 25 வயது என்று உயர்த்தினார்கள். 2009 மார்ச்சில் ஜேட் குடி என்ற தொலைக்காட்சிப் பிரபலம், 27 வயதில், இதே நோயால் இறந்துபோனார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். நாடே கலங்கியது. "வயது வரம்பைப் பழையபடி 20-க்குக் குறையுங்கள்" என்று பெரிய கோரிக்கை எழுந்தது. அரசு அதை உதறித் தள்ளவில்லை. நிபுணர்களை அழைத்து அந்த ஆண்டே ஆராயச் சொன்னது. 20 முதல் 24 வயதுக்குள் பரிசோதனை செய்துகொண்ட பெண்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றும் அதே 2009-ல் வெளிவந்தது. அந்த வயதில் பரிசோதித்ததால், 30 வயது வரை வரும் புற்றுநோய் குறைந்ததாகவே தெரியவில்லை. மாறாக, தேவையில்லாத சிகிச்சைதான் மிஞ்சும் என்று கண்டார்கள். 25 என்ற வரம்பு அப்படியே நின்றது. பிறகு வேல்ஸ், ஸ்காட்லாந்து பகுதிகளும் 20-லிருந்து 25-க்கு மாறின. 18 வயதிலிருந்து பார்த்து வந்த ஆஸ்திரேலியாவும் 2017 டிசம்பரில் 25-க்கு மாறியது.

ஒரு இளம் தாய் இறந்துபோன துக்கம் கண்ணெதிரே இருக்கும்போது, "இந்தப் பரிசோதனை சின்ன வயதில் அவளைப் போன்றவர்களைக் காப்பாற்றாது" என்று சொல்வது எளிதல்ல. கல்நெஞ்சக்காரன் என்பார்கள். ஆனாலும் உண்மை அதுதான். இளம் வயதில் இந்த நோய் அறவே வராதா என்றால், வரும். மிக மிக அபூர்வமாக வரும். அப்படி வருபவை பெரும்பாலும் இந்தப் பரிசோதனையின் கண்ணில் சிக்காமல் வேகமாக வளர்பவை. அவர்களைக் காப்பாற்றும் வழி வேறு. அதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

அங்கே 25, நமக்கு மட்டும் 30-ஆ என்றால், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட நெறிமுறையில் பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறது. நம் மத்திய அரசும் 2016-ல் வகுத்த திட்டத்தில் 30 முதல் 65 வயது வரை, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறது. வாழ்நாளில் ஓரிரு தடவைதான் ஒரு பெண் பரிசோதனைக்கு வரப் போகிறாள் என்றால், அந்த ஓரிரு தடவை முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அமைவதுதான் அதிகப் பலன் தரும்.

எந்த வயதானாலும் தள்ளிப்போடக் கூடாதவை

மேலே சொன்னதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. தொந்தரவு இருந்தால் வயதுக் கணக்கைத் தூக்கி எறியுங்கள். 22 ஆனாலும் சரி, 62 ஆனாலும் சரி. ஒரு துணை சுகாதார நிலையத்தில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நர்சம்மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

"சும்மா சொல்லும்மா. இங்க நம்மளத் தவிர யாரும் இல்ல."

"அவர்கூட சேர்ந்து இருந்தா, மறுநாள் லேசா ரத்தம் படுது. மூணு மாசமா இப்படித்தான். வீட்டு விலக்கும் இல்ல, நடுவுலயே படுது."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். உஷ்ணம், எளநி குடின்னாரு."

"உனக்கு வயசு என்ன ஆச்சு?"

"இருபத்தி நாலு. முப்பதுக்கு மேலதான் டெஸ்ட்டுன்னு போன மாசம் நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க, அதான் பேசாம இருந்துட்டேன்."

"அது ஒண்ணும் இல்லாதவங்களுக்குச் சொன்னதும்மா. உனக்கு ரத்தம் படுதே! நீ டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டியவ இல்ல, நாளைக்கே டாக்டரம்மாகிட்ட காட்ட வேண்டியவ. முக்கால்வாசி பேருக்கு இது கிருமிப் புண்ணாவோ, சின்னச் சதை வளர்ச்சியாவோதான் இருக்கும், மருந்துல சரியாயிடும். ஆனா அதைப் பார்த்துத்தான் சொல்லணும். தம்பி வெளியில நிக்கிறாரா? கூப்பிடு, நானே சொல்றேன்."

உறவுக்குப் பின் இரத்தம் படுதல், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் இரத்தம் படுதல், மாதவிலக்கு நின்று வருஷங்கள் கழித்து மறுபடி படுதல், நாற்றமுள்ள அல்லது இரத்தம் கலந்த வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, விடாத அடிவயிற்று வலி ஆகியவை இருந்தால் டாக்டர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். மேலே சொன்ன "வேறு வழி" இதுதான். இளம் வயதில் அபூர்வமாக வரும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். உஷ்ணம், சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில்தான் உயிர் போகிறது. சின்ன வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் இருக்காது என்று டாக்டரோ நர்ஸோ அசட்டையாக இருந்தால், "ஒரு தடவை உள்ளே பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. ஹெச்.ஐ.வி. தொற்று உள்ள பெண்களுக்குக் கிருமியை விரட்டும் சக்தி குறைவு. 15, 20 வருஷம் ஆகிற காரியம் 5, 10 வருஷத்தில் ஆகிவிடலாம். ஆகவே அவர்கள் 25 வயதிலிருந்தே, மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை போன்றவற்றுக்காக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முப்பதுக்கு மேல் உள்ளவர்களுக்கு

இந்தியாவில் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. எழுபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். அதே சமயம், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒரு தடவை பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. நம் தமிழ்நாட்டில் பரவாயில்லை; ஆனாலும் நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை. மருமகளை அழைத்து வந்து திண்ணையில் உட்கார்ந்த மாமியார்கள் இதில்தான் விடுபட்டுப் போகிறார்கள்.

பரிசோதனை மிக எளியது. மேஜையில் படுக்கவைத்து, பிறப்புவழியை ஒரு கருவியால் மெல்ல விரித்து, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தொட்டு வைப்பார்கள். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், ஊறுகாயில் போடும் காடிச் சத்துதான் அது. லேசாக எரியும், அவ்வளவே. ஒரு நிமிஷம் பொறுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாற்றமடைந்த இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். வெட்டுவது, தைப்பது, ஊசி எதுவும் கிடையாது. சில இடங்களில் சிறு பிரஷ்ஷால் தடவி எடுத்து, ஹெச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று சோதனைச் சாலையில் பார்ப்பதும் உண்டு. மாதவிலக்கு நின்றவர்களுக்கு, மாற்றம் வரும் இடம் உள்ளே சென்றுவிடுவதால் அமிலப் பரிசோதனை அவ்வளவு சரியாக வராது. அவர்களுக்கு எது பொருத்தம் என்பதை டாக்டர் சொல்வார்.

இந்த எளிய பரிசோதனை உயிரைக் காக்குமா என்று உலகத்துக்கே எடுத்துக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள்தான். 2000-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஒரே ஒரு தடவை, பயிற்சி பெற்ற நர்ஸ்களிடம் இந்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். மாற்றம் இருந்தவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, அழைக்கப்பட்ட கிராமங்களில் நோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007-ல் வெளியான இந்த முடிவில் கவனிக்க வேண்டியது ஒன்று: அதிகப் பலன் கிடைத்தது 30 முதல் 39 வயதுக்காரர்களுக்கு. அந்த வயதினரில் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சரியான வயதில், சரியான ஒரு நாள். அவ்வளவுதான் அவர்கள் செலவழித்தது.

மாற்றம் இருக்கிறது என்று சொன்னால் புற்றுநோய் என்று அர்த்தமல்ல. திண்டுக்கல்லில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு அப்படித் தெரிந்தது. அவர்களில் புற்றுநோய் இருந்தவர்கள் வெகு சிலரே. அடுத்த கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவையானால் உறையவைத்தோ, சூடு வைத்தோ, சீவியெடுத்தோ அந்த இடத்தை நீக்குவார்கள். பயந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால், பரிசோதித்ததே வீண்.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ, எனக்கு வராது" என்பது தவறு. கருத்தடை ஆபரேஷன் செய்தாலும், காப்பர்–டி வைத்திருந்தாலும், கணவர் இறந்துவிட்டாலும், உறவை நிறுத்திப் பல வருஷமானாலும், கர்ப்பப்பை வாய் அங்கேயேதான் இருக்கிறது.

கணவன்மார்களுக்கு

மனைவியின் பரிசோதனைச் சீட்டில் ஹெச்.பி.வி. இருப்பதாக எழுதியிருந்தால், "யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்டுச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அடித்தவர்களும் உண்டு. தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்: இந்தக் கிருமி ஒருவர் உடம்பில் பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பின்னால் பரிசோதனையில் தென்படலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. அது உங்கள் மூலமாகவே வந்திருக்கலாம். உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆண்களுக்கு வழக்கமான பரிசோதனையும் கிடையாது. மனைவியின் நடத்தைக்கு அந்தச் சீட்டு சாட்சியல்ல.

நிரோத் உபயோகித்தால் இந்தக் கிருமி பரவுவது ஓரளவு குறையும், முழுதும் நிற்காது. பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் பெண்ணுக்கு இருந்தால் கிருமி தங்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்து வைப்பதும், அடுத்தடுத்துப் பல பிரசவங்களும் இந்த நோய்க்கு வழி வைக்கின்றன. சிறு குடும்பத்துக்குச் சொல்லப்படும் பல காரணங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பரிசோதனை நாளன்று ஒரு அரை நாள் கூலியை விட்டுவிட்டு மனைவியோடு கூடப் போங்கள். முடியாதென்றால் அன்று கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்பையாவது பார்த்துக்கொள்ளுங்கள். பல பெண்கள் வராமல் போவதற்கு நோய்ப் பயம் காரணமல்ல, வீட்டில் ஆள் இல்லை என்பதே காரணம்.

பெண் குழந்தைகளுக்கு

அப்படியானால் இருபது வயதுக்காரிக்கு நாம் ஒன்றுமே செய்ய முடியாதா? அவளுக்குச் செய்ய வேண்டியதை அவளுடைய பத்து வயதில் செய்திருக்க வேண்டும். ஹெச்.பி.வி. தடுப்பூசி, கிருமி தொற்றுவதற்கு முன், 9 முதல் 14 வயதுக்குள் போட்டால்தான் முழுப் பலன். ஒரு தவணை அல்லது இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியிருக்கிறது. நம் நாட்டிலேயே இந்தத் தடுப்பூசி தயாராகிறது. உங்கள் மகள் அந்த வயதில் இருந்தால், எங்கே, எப்போது போடுகிறார்கள் என்று கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள். "இதைப் போட்டா பிள்ளைப்பேறு இல்லாம போயிடும்" என்ற வதந்தியை நம்ப வேண்டாம். தடுப்பூசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை. ஆகவே அவளும் 30 வயதானதும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

பரிசோதனைக்கு வரும்போது

மாதவிலக்கு முடிந்த பிறகு வாருங்கள். வருவதற்கு முந்தின இரண்டு நாள் உறவு வேண்டாம். உள்ளே மருந்து வைப்பதும், சோப்புப் போட்டுக் கழுவுவதும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, பிரசவமாகி மூன்று மாதம் ஆகாமல் இருந்தாலோ முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, கஞ்சியோ இட்டிலியோ சாப்பிட்டுவிட்டே வரலாம். பாவாடை, சேலையோடு வந்தால் மாற்றிக்கொள்ளும் தொந்தரவு இருக்காது. பெண் பணியாளர்தான் பார்க்க வேண்டும் என்று விரும்பினால் தாராளமாகக் கேட்கலாம். மறைப்புத் திரை கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பரிசோதனைக்குப் பணம் கிடையாது. முடிவு எழுதிய சீட்டை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். சீட்டில் தேதியும், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கேட்டு எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.